உப்புக்கட்டி ஓடுகிறாள்

கதவுக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று கேட்டுக்கொண்டிருந்தவரை சண்முகவடிவுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அது மாரி குதிக்கிற சத்தம். இரும்பு வளையத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஏறி நின்று பிள்ளை குதிக்கும். குதித்தால் நெஞ்சுக்குள் பசை மாதிரி ஒட்டிக்கிடக்கிற சளி இளகும், இளகினால் இருமல் வரும், இருமினால் சளி வெளியே வரும், வந்தால் நல்லது. பயிற்சி கொடுக்கிற ஜெனிட்டா மேடம் முதல் நாளே படம் போட்டு விளக்கிவிட்டார். வடிவின் புத்திக்கு அது நன்றாகவே புரிந்தது. வயிற்றுக்குத்தான் புரியவில்லை. பிள்ளை இருமினால் அடிவயிறு கலங்கியே பத்து வருஷப் பழக்கம், ஒரு படத்தைப் பார்த்ததும் விட்டுவிடுமா என்ன. அதனால்தான் அவளை இந்த நீளமான வராந்தாவில், இந்தப் பச்சை பெஞ்சில், கதவுக்கு வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள். போன தடவை அவளும் உள்ளேதான் இருந்தாள். மூலையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். உட்கார்ந்தவள் சும்மா உட்கார்ந்தாளா? பிள்ளைக்கு மூச்சு இரைத்ததும் "மெதுவாட்டி" என்றாள். முகம் சிவந்ததும் "பாத்துட்டி, பாத்து" என்றாள். கடைசியில் அந்த ஓட்டப் பரீட்சை. தரையில் இந்தக் கோடிக்கு ஒரு கூம்பு, அந்தக் கோடிக்கு ஒரு கூம்பு. பெட்டிக்குள்ளிருந்து பீப் என்று சத்தம் வருவதற்குள் இங்கிருந்து அங்கே போய்த் தொட வேண்டும், அடுத்த பீப்புக்குள் திரும்பி வர வேண்டும், போகப்போக பீப் நெருங்கி நெருங்கி வரும். பிள்ளை ஓடத்தான் ஓடினாள். ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அம்மா முகமோ எழவு வீட்டு முகம். "போதும்ட்டி, போதும், வந்துரு!" என்று வடிவு எழுந்து நின்று கத்தியதும் மாரி நடுத்தரையில் அப்படியே நின்றுவிட்டாள். நெஞ்சு சொல்லி நிற்கவில்லை, அம்மா சொல்லி நின்றாள். அதைப் போய் நுரையீரலின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வலு இறங்கியிருக்கிறது, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ரெண்டு வாரம் பெட்டில் போட்டு ஊசி மருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு.

தொம் தொம். நல்லது, குதிக்கட்டும். வடிவு காலுக்கடியில் இருந்த பையைக் குதிகாலால் பெஞ்சுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அது ஒரு பை. அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று பார்த்தாலும் நினைப்பு அதிலேயே போய் இடறுகிறது. தட்டு, தம்ளர், போர்வை, சோப்பு, மாரிக்கு மாற்றுத் துணி, பெரிய துண்டு, ஆவி பிடிக்கிற மிஷின், ரெண்டு வாரத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடக்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருக்கிறது. நேற்றே கட்டி, மாரி கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். தூத்துக்குடியில் பஸ் ஏறும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திணித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். மதுரை வருகிறவரை மாரி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த இட்டிலியை மாத்திரையோடு தின்று, உப்புப் போட்ட மோரைக் குடித்து, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான், "அந்தப் பையையும் எடும்மா" என்றாள். அவ்வளவுதான். "எதுக்கு கொண்டாந்த?" என்று ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சும்மா ஒரு இதுக்குட்டி" என்று வடிவு இழுத்தாள். "நா ஓட மாட்டேம்னு நெனச்சிட்ட, இல்லம்மா?" என்றாள் பிள்ளை. கோபமே இல்லாமல் கேட்டாள். அதற்கு வடிவு என்ன சொன்னாள்? ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். பதில் தெரியாதபோது ஆட்டோவை நிறுத்துகிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்க்கிறாள். நீ ஓடுவேன்னு தெரியும்ட்டி, ஆனா ஓடி முடிச்சதும் உனக்கு என்ன ஆகும்னுதான் தெரியல. சரியில்லை. நீ பிறந்ததிலிருந்து ரெடியா ஒரு பை கட்டியே வச்சிருக்கேன், அது உனக்குத் தெரியாது. அதுவும் சரியில்லை, அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. எதைச் சொன்னாலும் அந்தப் பை அங்கேயேதான் கிடக்கிறது.

வராந்தாவில் ஒரு வாண்டு ஓடிவந்தது. இன்னும் மூன்று வயதிருக்காது, ஒரு கையில் பிளாஸ்டர் போட்டிருந்தது. அதன் பின்னால் ஒரு பெண், கழுத்தில் துப்பட்டா பறக்க, கையில் மருந்துச் சீட்டோடு வந்தாள். "ஏ ஆலியா! நில்லுடீ!" வாண்டு நிற்கவா செய்யும், பெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று, தூணைச் சுற்றி ஒரு சுற்று. பெண் வடிவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இவ பின்னால ஓடி ஓடியே என் உசுரு போகுதுக்கா. கை ஒடிஞ்சும் அடங்க மாட்டேங்குறா பாருங்க. எனக்குத்தான் மூச்சு வாங்குது." வடிவு சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள். உள்ளே சிரிப்பு இல்லை. பொறாமைதான், வேறென்ன. அந்தப் பெண்ணின் புதுச் சுடிதார்மேல் இல்லை, கொழுகொழு பிள்ளைமேல்கூட இல்லை, அந்தச் சலிப்பின்மேல். இவ பின்னால ஓடி எனக்கு மூச்சு வாங்குது. தெருவில் எல்லாத் தாய்மாரும் சொல்கிற பேச்சு. குழாயடியில் சொல்வார்கள், ரேஷன் கடையில் சொல்வார்கள், பெருமையை மறைக்கத் தெரியாமல் சலித்துக்கொள்வார்கள். வடிவுக்கு ஒரே ஒரு நாள் அப்படிச் சலித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் போதும். வடிவு தன் பிள்ளையின் பின்னால் ஓடியதே இல்லை. எப்போதும் முன்னால்தான் போவாள், முன்னால் போய்த் திரும்பி நின்று, கையை நீட்டி, வருகிறாளா, உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். "உங்க பிள்ளைக்கு என்னக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நெஞ்சுச் சளி" என்றாள் வடிவு. பேர் சொன்னால் அதற்குமேல் பத்துக் கேள்வி வரும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று நாக்கைச் சுழற்றிச் சொல்ல அவள் கற்றுக்கொண்டதே ஒரு வருஷம் கழித்துத்தான். "அட, சளிதான, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடி எழுந்து ஓடினாள். வாண்டு படிக்கட்டு வரை போய்விட்டது. சரியாயிரும். எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று.

உப்புதான் முதலில் சொன்னது. யார் கேட்டார்கள்? மாரி கைக்குழந்தையாக இருந்தபோது வடிவு உப்பளத்தில் கூலி வேலைக்குப் போனாள், அவள் புருஷன் நயினார் உப்பு லாரி ஓட்டினான். பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி வாரி ஒதுக்க வேண்டும். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது புருவத்தில் உப்பு, காது மடலில் உப்பு, வெடித்த உதட்டில் உப்பு. வந்ததும் கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவாள். தூக்கி நெற்றியில் ஒரு முத்தம். அதற்காகவே அந்த வெயிலெல்லாம் தாங்கும். முத்தம் கரிக்கும். கடல் தண்ணீர் மாதிரிக் கரிக்கும். வடிவு என்ன நினைப்பாள்? தன் உதட்டு உப்பு பிள்ளையிடம் ஒட்டிவிட்டது என்று நினைப்பாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி முத்தமிடுவாள், மறுபடியும் கரிக்கும். மாமியாரான அத்தை, "அளத்துக்காரி பெத்த பிள்ள சர்க்கரையாவா இருக்கும்" என்பாள். வீடே சிரிக்கும். என் உப்புக்கட்டி என்று வடிவு கொஞ்சுவாள். அந்தக் கரிப்பு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பாத்தியில் நிற்கும்போதே நாக்கில் நினைப்பு வரும். வேறு ஊரில், வேறு வேலை செய்கிற வீட்டில் பிறந்திருந்தால், இது என்னடா பிள்ளை இப்படிக் கரிக்கிறது என்று யாராவது ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் தெருவில் உப்பைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? பிள்ளை தின்றது உடம்பில் ஒட்டவில்லை, மாதத்தில் பாதி நாள் சளி, காய்ச்சல். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார், வீசிங் என்று இன்னொருவர் கொடுத்தார். வருஷங்கள் போயின. கடைசியில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நரைத்த தலை டாக்டரம்மா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு, "பிள்ளைக்கு முத்தம் குடுக்கையில உப்புக் கரிக்குமாம்மா?" என்று கேட்டார். வடிவு சிரித்தாளே! பாவி, பெருமையாகச் சிரித்தாளே! "ஆமா மேடம், நாங்க உப்பளத்துக்காரங்கல்லா, எங்க பிள்ள அப்பிடித்தான் இருக்கும்" என்றாளே! டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று அடுத்த கேள்வி. ஆமாம், நயினார் அத்தை மகன். பிறகு வேர்வையை எடுத்து அதில் உப்பு எவ்வளவு என்று சோதித்தார்கள். பிறகு அந்த நீளப் பேர்.

அன்றைக்கு நின்றது முத்தம். அதை யாரிடமும் சொன்னதில்லை, நயினாரிடம்கூட. வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் நெற்றிக்குக் குனிந்தவள் பாதியில் நிமிர்ந்துவிட்டாள். இனி அந்தக் கரிப்பு அவள் உப்புக்கட்டியின் ருசி இல்லை, நோயின் ருசி. நாக்கில் பட்டால் எவ்வளவு இருக்கிறது, நேற்றைக்குக் கூடவா, குறையவா என்று மனம் அளக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பயந்து நெட்டி முறித்தாள். கன்னத்தை இரு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து மடக்கென்று முறித்துவிட்டால் போதும், பாசமும் காட்டியாயிற்று, நாக்கும் தப்பித்தது. மாரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏமாந்தாள். பத்து வயதுப் பிள்ளை ஏமாறுமா? போன மாதம் ஒரு நாள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள். காலையும் மாலையும் குப்புறப் படுக்கவைத்து, கையைக் குழித்துக்கொண்டு முதுகைத் தட்டிச் சளியை இளக்குவது வடிவின் வேலை, வடிவு தட்டுகிற தட்டில் பிள்ளையின் பேச்சு நடுங்கி நடுங்கி வரும். "ஏம்மா நீ எனக்கு முத்தமே குடுக்க மாட்டேங்க?" "குடுக்கேனே" என்றாள் வடிவு. "அது நெட்டி" என்றாள் மாரி. வடிவு தட்டிக்கொண்டே இருந்தாள், அங்கே நிறுத்துவதற்கு ஆட்டோவும் இல்லை. அந்தக் கரிப்புக்கு அவள் நாக்கு எவ்வளவு ஏங்குகிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. தினமும் கையால் தட்டுகிற முதுகு, உதட்டுக்கு மட்டும் எட்டாமல் இருந்தது.

தொம் தொம் நின்றுவிட்டது. எப்போது நின்றது? வடிவு தலையைத் தூக்கினாள். நின்றுவிட்டதென்றால் அடுத்தது ஓட்டம். பீப் வந்தது. சன்னமாக, சுவர் தாண்டி வந்தது. அப்புறம் கான்வாஸ் ஷூவின் சரக் சரக். ஓடுகிறாள். மறுபடி பீப். இப்போது அந்தக் கூம்பில் திரும்புகிறாள். மூலையில் ஸ்டூல் காலியாக இருக்கும். திரும்பும்போதெல்லாம் பார்ப்பதற்கு ஒரு எழவு முகம் அங்கே இல்லை, நல்லது, நல்லதுதான். வேறு எதைப் பார்ப்பாள்? பலகையைப் பார்ப்பாளாயிருக்கும். அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மாரி ஒவ்வொரு தடவையும் ஒரு நட்சத்திரம் வரைந்துவிட்டு வருவாள். அடுத்த தடவை போகும்போது பக்கத்தில் வேறு யாரோ வரைந்த நட்சத்திரம் இருக்கும். இதே நோய் உள்ள இன்னொரு பிள்ளை. இந்தப் பிள்ளைகள் ஒன்றையொன்று நெருங்கக் கூடாதாம், ஒருத்தி நெஞ்சுக் கிருமி இன்னொருத்திக்கு ஆகாதாம், அதனால் ஆளுக்கொரு நேரம், நடுவில் மருந்து போட்டுத் துடைப்பார்கள். "அவளுக்கு என் மாதிரியே இருமுமாம்மா? அவ கிளாஸ்ல அவள ஓடவிடுவாகளா?" என்று கேட்டாள் மாரி. பையன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை, அவளுக்கு அது அவள்தான். மாரியின் கிளாசில் மாரியை ஓடவிடுவதில்லை. விளையாட்டு பீரியடில் எல்லாப் பிள்ளைகளும் ஓடும், மாரி மர நிழலில் உட்கார்ந்து அதுகளின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பாள். அதற்கு டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. வடிவே நேரில் போய், "எம் பிள்ள ஓடக் கூடாது டீச்சர், நிழல்ல உக்கார வச்சிருங்க" என்று கும்பிட்டுச் சொன்னாள். ஓடினால்தான் நல்லது என்று ஜெனிட்டா மேடம் எத்தனை தடவை சொல்லியும் திரும்பப் போய் அந்தப் பேச்சை மாற்றிச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம், சளி இறங்கட்டும் சொல்லுவோம். பீப். இப்போது பீப் நெருங்கிவிட்டது. சரக் சரக்கும் நெருங்கிவிட்டது. போன தடவை இந்த இடத்தில்தான் கத்தினாளா? இதைத் தாண்டித்தானா? வடிவு முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பீப். திரும்பிவிட்டாள். போதும்ட்டி. சொல்லவில்லை, பல்லுக்கு உள்ளேயே கிடக்கட்டும். பீப். ஓடுகிறாளே, இன்னும் ஓடுகிறாளே, என் பிள்ளைதானா உள்ளே ஓடுகிறது.

சத்தம் நின்றது. பீப்பும் இல்லை, ஷூவும் இல்லை. பிறகு இருமல். ஒன்று, அதன்மேல் ஒன்று, ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு வருகிற இருமல். இந்த இருமல் எல்லாம் வடிவுக்கு அத்துப்படி. ராத்திரி காய்ச்சலுக்கு முந்தி வருகிற வறட்டு இருமல் தெரியும், சோறு இறங்காமல் வருகிறது தெரியும், ஈரமாக அடியிலிருந்து பெயர்ந்து வருகிற இதுவும் தெரியும். நல்ல இருமல்தான். படத்தில் போட்டுக் காட்டிய இருமல். தெரிந்து என்ன, எழுந்துவிட்டாள். எழுந்து கதவுக்கு வந்து கைப்பிடியில் கையை வைத்துவிட்டாள். இருமல் நின்றது. இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. இருமலைவிட இந்த ஒன்றுமில்லாததுதான் பொல்லாதது. விழுந்துவிட்டாளோ. ஆக்ஸிஜன் வைக்கிறார்களோ. திறந்து எட்டிப் பார்த்தால் என்ன, ஒரே ஒரு பார்வை. பார்த்தால் பிள்ளை இவள் முகத்தைப் பார்ப்பாள். நா ஓட மாட்டேம்னு நெனச்சிட்ட, இல்லம்மா? ஆமாட்டி, நெனச்சிட்டேன். ஓட மாட்டேன்னு நெனச்சு பைய கட்டினேன். அதுதான் பதில், இவ்வளவு நேரம் தேடிய பதில் அதுதான். சொன்னால் பிள்ளை தாங்கிக்கொள்ளும், தாங்காதது இவள்தான். வடிவு கையை எடுத்தாள். எடுத்து, ஓரடி பின்னால் வந்து, சும்மா நின்றாள். சும்மா நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

கதவு திறந்தது. மாரி வந்தாள். நடந்து வரவில்லை. முடி நெற்றியில் ஒட்டி, சட்டை முதுகில் ஒட்டி, முகமெல்லாம் மினுமினுவென்று வேர்வை ஓட, வாய் நிறையச் சிரிப்போடு ஓடி வந்து அம்மா வயிற்றில் முட்டினாள். "நா நிக்கவே இல்லம்மா! மேடந்தான் போதும்னு சொன்னாவ!" பின்னாலேயே ஜெனிட்டா மேடம் வந்து வாசலில் நின்றார். "டாக்டர்கிட்ட பேசிட்டேன்மா. பெட் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கூல்ல ஓடவிடச் சொல்லி நீங்களே போய்ச் சொல்லுங்க, என்ன?" வடிவு தலையாட்டினாள். கை பழக்கத்தில் பையைத் திறந்து பெரிய துண்டை எடுத்தது. பிள்ளைக்கு வேர்த்தால் உடனே துடைத்துவிடுவாள், அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. துண்டோடு குனிந்தவள் துடைக்கவில்லை. நெற்றியில் உதட்டை வைத்தாள். கரித்தது. அம்மாடி, என்ன கரிப்பு! பாத்தியில் நின்றபோது நாக்கில் வந்த அதே கரிப்பு, அன்று விட்ட இடத்திலேயே இருந்தது. அளந்து பார்க்க மனம் எழும் என்று பயந்திருந்தாள். எழத்தான் எழுந்தது. அதற்குள் இன்னொரு முத்தம் கொடுத்துவிட்டாள். அப்புறம் கன்னத்தில், கண்ணில், காதோரத்தில். "விடும்மா, எல்லாரும் பாக்குதாவ" என்று மாரி நெளிந்தாள், நெளிந்தாளே தவிர நகரவில்லை. "எப்பிடிம்மா இருக்கு?" "கரிக்குதுட்டி" என்றாள் வடிவு. கண் நிறைந்துவிட்டது. "என் உப்புக்கட்டி." பிறகு, கேட்காமலேயே சொன்னாள்: "நீ ஓட மாட்டேன்னுதான் நெனச்சேன். பைய அதுக்குத்தான் கட்டினேன்." "தெரியும்" என்றாள் மாரி. "சும்மா தூக்கிட்டு வந்தல்லா, இனி சும்மாவே ஊருக்குத் தூக்கிட்டு வா."

சொல்லிவிட்டு ஓடினாள். வராந்தா நீளத்துக்கும் அந்தப் பிளாஸ்டர் போட்ட வாண்டைத் தாண்டி, மருந்துக் கடை வரிசையைத் தாண்டி, சரக் சரக்கென்று ஓடினாள். வடிவு துண்டைப் பையில் திணித்தாள், பையைத் தோளில் ஏற்றினாள், பின்னால் போனாள். தட்டும் தம்ளரும் மிஷினும் போர்வையுமாகப் பை கனத்தது. முதலில் வேகமாக நடந்தாள், அப்புறம் அரை ஓட்டம், அப்புறம் செருப்பு கழன்று அதை மாட்டிக்கொண்டு முழு ஓட்டம். பிள்ளை படிக்கட்டில் திரும்பிவிட்டது. வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விலாவில் பிடித்தது. எதிரே, வாண்டை ஒருவழியாக இடுப்பில் ஏற்றிக்கொண்ட அந்தப் பெண் சிரித்தபடி இவளைப் பார்த்தாள். "ஏட்டி மாரி!" என்று வடிவு கத்தினாள். "மெதுவாப் போட்டி! எனக்கு மூச்சு வாங்குது!"